விளையாட்டை மாணவர்களிடம் விடுங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 2025 ஜூலை முதல் புதிய கணக்கு தொடங்கியிருக்கிறது. கல்லூரி வீரர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். நம் கணக்கில் 170 கோடி ரூபாய்க்கு மேல். உழைத்தவர்களுக்குக் கூலி போய்ச் சேருவதில் எனக்கு மறுப்பில்லை. இதையே முன்மாதிரியாகக் காட்டி, இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டும் தொழிலாக வேண்டும், ஒளிபரப்பு உரிமை விலைபோக வேண்டும் என்று இங்கே சிலர் பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு எதற்கு என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை.

நியூஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கதையை அவர்கள் படிக்க வேண்டும். 1869 நவம்பர் 6 அன்று அங்கே ஒரு திடலில் ரட்கர்ஸ் மாணவர்களும் பிரின்ஸ்டன் மாணவர்களும் மோதினார்கள். அணிக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பிறந்த நாளாக அதைத்தான் சொல்கிறார்கள். சவால் விட்டதும் விதிகளைப் பேசி முடித்ததும் மாணவர்களே. சரியாக 103 ஆண்டுகள் கழித்து, 1972 நவம்பர் 6 அன்று, அதே இரு பல்கலைக்கழக மாணவர்கள் அதே இடத்தில் மறுபடி கூடினார்கள். திடல் அதற்குள் கார் நிறுத்துமிடமாகியிருந்தது. இந்த முறை கையில் ஃபிரிஸ்பீ, அதாவது எறிந்து பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டு (டிஸ்க்). அதே மாநிலத்தின் மேப்பிள்வுட் ஊர்ப் பள்ளிப் பையன்கள் 1968இல் உருவாக்கிய 'அல்டிமேட்' ஆட்டம் அது. ரட்கர்ஸ் 29-27 என்று ஜெயித்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையில் நடந்த முதல் அல்டிமேட் ஆட்டம் அதுதான்.

இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே மண், ஒரே தேதி, அதே இரு அணிகள். இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வாளரும் வடிவமைத்துவிட முடியாது.

ஃபுட்பாலுக்குப் பழைய மாணவர்களின் பணம் வந்தது, சம்பளப் பயிற்சியாளர் வந்தார், டிக்கெட் வந்தது. 1903இல் ஹார்வர்டு கான்கிரீட் அரங்கமே கட்டிவிட்டது. 1905 பருவத்தில் மைதானங்களில் இளைஞர்கள் செத்து விழுந்தபோது அதிபர் ரூஸ்வெல்ட்டே தலையிட வேண்டியதாயிற்று. அதன் தொடர்ச்சியாக 1906இல் உருவான அமைப்புதான் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் இன்றைய என்.சி.ஏ.ஏ. ரட்கர்ஸ் 2014 முதல் 'பிக் டென்' என்னும் பெரிய லீகில் இருக்கிறது. அப்படியும் விளையாட்டுத் துறையின் செலவு வரவைத் தாண்டுகிறது; பள்ளத்தை நிரப்ப மாணவர் கட்டணத்திலிருந்தும் பணம் போகிறது. மாணவன் காசு கொடுத்துக் கேலரியில் உட்கார்ந்து கத்துகிறான். விளையாட்டோடு அவனுக்கு மிஞ்சிய உறவு அவ்வளவுதான்.

அல்டிமேட் மாணவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. 1975இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்டு அணிகளோடு நடந்த முதல் கல்லூரிப் போட்டியில் ரட்கர்ஸே வென்றது. இன்றும் அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் இது மாணவர் கிளப்தான். கேப்டன், பொருளாளர் எல்லாரையும் மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சந்தா வசூலித்து, வண்டி பிடித்து, பல மணி நேரம் ஓட்டிப் போய், தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுத்து எழுந்து ஆடிவிட்டு வருகிறார்கள். முதல் வாரம் டிஸ்க்கைப் பிடிக்கவே தெரியாமல் வருகிறவருக்கு மூத்த மாணவர் நின்று எறியக் கற்றுக்கொடுக்கிறார். புதியவரைத் தேர்ச்சியில்லை என்று திருப்பி அனுப்பினால் அடுத்த ஆண்டு கிளப்பே இருக்காது.

ஆட்டத்துக்கு நடுவர் இல்லை. இடித்துவிட்டால் இடிபட்டவரே 'ஃபவுல்' என்கிறார். இடித்தவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுத்தால் பெரும்பாலும் டிஸ்க் எறிந்தவர் கைக்கே திரும்பிப் போகும், ஆட்டம் தொடரும். பெரிய போட்டிகளில் 'அப்சர்வர்' இருந்தாலும், ஃபவுல் போன்றவற்றில் வீரர்கள் பேசித் தீராததைத்தான் அவர் தீர்க்கிறார். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் கலந்து, தோளில் கைபோட்டு வட்டமாக நின்று பேசுகின்றன. பிறகு எதிரணிக்கு மதிப்பெண் போட வேண்டும். இந்த ஆட்டத்தின் உலகக் கூட்டமைப்பு தரும் படிவத்தில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை: விதி தெரிந்திருந்ததா, உடல் மோதலைத் தவிர்த்தார்களா, நியாயமாக யோசித்தார்களா, தன்னடக்கம் இருந்ததா, முறையாகப் பேசினார்களா. தோற்றுப்போன கோபத்தில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஜெயித்தவனுக்கு நேர்மையாக மதிப்பெண் போட உட்காருகிறார்கள். எந்த ஆளுமை மேம்பாட்டு வகுப்பு இதைக் கற்றுத்தரும்?

நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? உடற்கல்வி இயக்குநர் அணியைத் தேர்வு செய்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்கள் ஆடுகிறார்கள், ஓ.டி. (வருகைப் பதிவுச் சலுகை) வாங்குகிறார்கள், கோப்பை முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரிக்குப் போகிறது. மீதி ஆயிரக்கணக்கானோருக்கு மைதானம் என்பது விடுதிக்குப் போகும் குறுக்குவழி. பெண்கள் நிலை இன்னும் மோசம். வெயில் தாழ்ந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அவர்கள் விடுதிக்குள் இருந்தாக வேண்டும். கட்டண ரசீதில் மட்டும் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி எல்லாருக்கும் பொது. 2025இல் வந்த 'கேலோ பாரத் நீதி' என்னும் தேசிய விளையாட்டுக் கொள்கை விளையாட்டைக் கல்வியோடு இணைக்கப் போவதாகச் சொல்கிறது. அதைப் பற்றிய பேச்செல்லாம் இந்தியா நடத்த விரும்பும் 2036 ஒலிம்பிக்கிலேயே வந்து நிற்கிறது.

விளையாட்டை மாணவர்களிடம் கொடுத்தால் கோஷ்டி சேரும், சாதி வரும், கணக்கு குளறும் என்பார்கள். சாதி இன்று வராமலா இருக்கிறது? வகுப்பறையில் தனித்தனியாக உட்காருகிறவர்கள் ஒரே அணியில் நின்று டிஸ்க்கை ஒருவருக்கொருவர் எறிந்தே ஆக வேண்டிய இடம் கிளப். சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள், நடுவரும் இல்லாமல், வானமும் இடிந்து விழாமல். பதினெட்டு வயதில் அரசைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்குப் பந்து வாங்கி ரசீது வைக்கத் தெரியாது என்பது வாதமே இல்லை.

மாணவர்களே நடத்தும் கிளப்புகள் ஒவ்வொரு கல்லூரியிலும் வந்தால் ராகிங்கும் தனிமையும் விடுதிச் சண்டையும் பாதியாகக் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். தமிழக அரசு அடுத்த கல்வியாண்டிலேயே ஆணையிடட்டும்: விளையாட்டுக் கட்டணத்தில் பாதி, மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் கிளப்புகளுக்கு. உடற்கல்வி இயக்குநர் கணக்கைத் தணிக்கை செய்யட்டும், அணியைத் தேர்வு செய்ய வேண்டாம். மைதானம் இரவு எட்டு மணி வரை விளக்கோடு திறந்திருக்கட்டும், பெண்கள் விடுதிக் கதவும் அதுவரை திறந்திருக்கட்டும்.