கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?



மேட்டூர் நிரம்பி, உபரி நீரைக் கொள்ளிடத்தில் விடுகிற ஆண்டெல்லாம் என் கைபேசிக்கு ஒரே செய்தி பலரிடமிருந்து வருகிறது. "இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது!" அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் புவியியல் படித்தவர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஜூனில் குறுவைக்குத் தண்ணீர் கிடைக்காமல் தவித்த குடும்பத்துக்கு, ஆகஸ்டில் ஆறு கரை புரண்டு ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் 'வீண்' என்ற அந்த ஒரு சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தலைக்காவிரியில் புறப்பட்டு சுமார் 800 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று விசிறி போல விரிகிறது. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் சில மீட்டர்தான். சரிவு குறைந்தால் ஆற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால், சுமந்து வந்த மணலையும் வண்டலையும் ஆறு கீழே போட்டுவிடும். அப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் போட்ட மண்தான் நம் டெல்டா. வல்லம் பக்கம் போனால் செம்மண் மேடு. அது வேறு நிலம். அங்கிருந்து கிழக்கே இறங்கி வந்தால் ஆறு கொண்டுவந்த மண். திருவாரூரும் நாகையும் மயிலாடுதுறையும் கடலை நோக்கிப் போன தண்ணீர் கட்டிக் கொடுத்த ஊர்கள்.

இந்த நிலம் ஒருமுறை கட்டி முடித்துவிட்ட வீடு போன்றது என்று பலரும் நினைக்கிறோம். டெல்டா அப்படி நிற்காது. வண்டல் தன் எடையாலேயே மெல்ல மெல்ல அமுங்கும். கீழேயிருந்து நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச இன்னும் வேகமாக அமுங்கும். இன்னொரு பக்கம் உலகக் கடல் மட்டம் இப்போது ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து வருகிறது. இந்த இரண்டையும் ஈடுகட்டுவது புதிதாக வந்து சேரும் வண்டல்தான். அது நின்றால் கடலோரம் தேயும்.

நம் ஆற்றில் அது பெரும்பாலும் நின்றுவிட்டது. 1930-களில் கிருஷ்ணராஜ சாகர் வந்தது; 1934-இல் மேட்டூர் வந்தது. அணைக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது வண்டல் அடியில் தங்கிவிடும். மதகு வழியாக வருவது தெளிந்த தண்ணீர். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியபோது பிரச்சினை நேர்மாறாக இருந்தது. காவிரியின் தலைப்பில் மணல் சேர்ந்து மேடாகி, தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மணலை வெளியேற்றக் கல்லணையில் மணற்போக்கி வைத்தார்கள். அன்று மணல் தொல்லை. இன்று லாரியில் ஏற்றி விற்கிற சரக்கு.

அந்த மணலை அள்ளியதன் விளைவைச் சொல்ல வேண்டும். ஆற்றுப் படுகை தாழ்ந்தால் முதலில் ஆட்டம் காண்பது பாலத்தின் தூணும் அணையின் அடித்தளமும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. இரண்டும் பழைய கட்டுமானங்கள். வயதும் ஒரு காரணம்தான். ஆனாலும் காலடி மண் குறைந்த பிறகு எந்தத் தூணும் எத்தனை நாள் தாங்கும்?

உலகில் மற்ற டெல்டாக்களின் கதையும் இதுதான். எகிப்தில் அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்தது. மின்சாரம் வந்தது, பஞ்ச பயம் போனது. ஆனால் ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வந்த வண்டல் அணையிலேயே தங்கிவிட்டது. நைல் விவசாயி உரமூட்டையை நம்ப வேண்டியதாயிற்று. ரஷீத் முகத்துவாரத்தில் கடல் நிலத்தைக் கரைத்துக்கொண்டே உள்ளே வந்தது. வியட்நாமின் மீகாங் டெல்டாவும் நம்மைப் போல நெல் விளையும் நாடு. மேலே அணைகள், கீழே மணல் கொள்ளை. 2016-லும் 2020-லும் வறட்சி வந்தபோது உப்புநீர் ஆற்று வழியே பல பத்து கிலோமீட்டர் உள்ளே ஏறி, நடவு செய்த பயிரைக் கெடுத்தது.

நம் கடைமடையில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்து உறவினர்கள் வந்தால் முதலில் பேசுவது போரில் உப்புத் தண்ணீர் வருவதைத்தான். நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஆற்றில் ஓட்டம் இருந்தால் நல்ல தண்ணீரின் கை ஓங்கும். ஓட்டம் நின்று, நாமும் மோட்டார் போட்டு இறைத்தால் கடல் உள்ளே வரும். கொள்ளிடத்தில் வெள்ளம் போகிற அந்தச் சில வாரங்கள்தான் முகத்துவாரத்தில் உப்பைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகள் உயிரோடு இருப்பது நன்னீரும் உப்பும் கலக்கிற இடம் என்பதால். 2004 சுனாமியில் பிச்சாவரத்துக் காடு தன் பின்னால் இருந்த ஊர்களைக் காத்ததை மறந்துவிட்டோமா? இறாலும் மீனும் குஞ்சு வளர்க்க வருவதும் அங்கேதான். விவசாயிக்கு 'வீண்' என்று தெரிவது மீனவருக்குப் பிழைப்பு.

"அப்படியானால் தண்ணீரைச் சேமிக்கவே கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். நான் அணைக்கு எதிரி இல்லை. மேட்டூர் இல்லாமல் இன்றைய குறுவை இல்லை. ஏரி குளங்களைத் தூர்வார வேண்டும், தேவையான இடத்தில் கதவணை கட்ட வேண்டும், வெள்ளத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைக்க வேண்டும். ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக் கூடாது என்கிற வாதத்தைத்தான் மறுக்கிறேன். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டிஎம்சி என்று ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னபோது தசமப் புள்ளிவரை சண்டை போட்டோம். சரிதான், போட வேண்டியதுதான். ஆனால் எந்த அணையில் எவ்வளவு வண்டல் தேங்கியிருக்கிறது, எந்தப் படுகையில் எவ்வளவு மணல் போயிற்று, முகத்துவாரத்துக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற கணக்கை நாம் யாரும் கேட்பதே இல்லை. தரங்கம்பாடியில் 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் நூற்றாண்டுகளாகத் தின்றிருக்கிறது. வண்டல் தாராளமாக வந்த காலத்திலேயே அப்படி என்றால், வராத காலத்தில் என்ன ஆகும்?

ஆகவே என் பிள்ளைகளிடம் சில வேண்டுகோள்கள். பொதுப்பணியிலும் நீர்வளத் துறையிலும் இருப்பவர்கள் தண்ணீர் மட்டத்தோடு படுகை மட்டத்தையும் ஆண்டுதோறும் அளந்து மக்களுக்குச் சொல்ல முயலுங்கள். வீடு கட்டுகிறவர்கள், மணல் எந்த ஆற்றிலிருந்து, எந்த அனுமதியில் வருகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் கிராம சபையில் இதைப் பேசுங்கள். ஏரி வண்டலை வயலுக்கு எடுத்துக்கொள்ள அரசு விவசாயிகளுக்கு அனுமதி தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள். கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இன்னொரு போர் போடுவதற்கு முன் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள்.

ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. 'டெல்டா' பாடம் வரும்போது நைல் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளை ஒரு நாள் கல்லணைக்கும், இன்னொரு நாள் பூம்புகாருக்கும் கூட்டிப்போங்கள். ஆறு பிரிகிற இடத்தில் அதன் அகலத்தையும், கடலில் சேருகிற இடத்தில் காவிரி எவ்வளவு ஒல்லியாக வந்து நிற்கிறது என்பதையும் அவர்களே பார்க்கட்டும்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால், மற்றவர்களுக்கு அனுப்பும் முன் 'வீணாக' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். எனக்கு அது போதும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்