நாள்பட்ட கண் மேற்பரப்பு நோய்க்கு ஸ்க்ளீரல் லென்ஸ்: எங்கள் நிலைப்பாடு

கேள்வி

காண்டாக்ட் லென்ஸ் என்றதும் மூக்குக்கண்ணாடிக்கு மாற்று, அழகுக்குப் போடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கண் வறண்டு, கருவிழி புண்ணாகி, வெயிலில் இமை திறக்க முடியாதவருக்கு லென்ஸே சிகிச்சையாகுமா? ஆகும் என்றால் எந்தக் கட்டத்தில், என்ன பாதுகாப்போடு, யார் செலவில்? நோயாளிகளும் அவர்களுக்குச் சிகிச்சை தருவோரும் சேர்ந்த எங்கள் அமைப்பின் பதில் இது.

நிலைப்பாட்டின் சுருக்கம்

சொட்டு மருந்துக்கு அடங்காத கடுமையான கண் மேற்பரப்பு நோய்க்கு ஸ்க்ளீரல் லென்ஸ் ஒரு சிகிச்சை. கருவிழியில் தழும்பு விழும் முன்பே அதைப் பற்றி நோயாளியிடம் பேச வேண்டும். அறுவை சிகிச்சைகள் கைகொடுக்காத பிறகு யோசிக்கும் கடைசி வழியாக அதை ஒதுக்கிவைக்கக் கூடாது.

பின்னணி

வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின், ஃபெனிடாயின், சல்ஃபா மருந்துகள், சில வலி மாத்திரைகள் ஆகியவை அரிதாகச் சிலருக்கு, தோல் உரிந்து கண் மேற்பரப்பும் புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயை உண்டாக்குகின்றன. உரிந்த தோல் சில வாரங்களில் ஆறிவிடும். கண்ணில் ஏற்பட்ட சேதம் பலருக்கு ஆயுள் முழுக்கத் தொடரும். இமை விளிம்பின் மென்மையான சவ்வு தடித்துச் சொரசொரப்பாகி, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் உப்புத்தாள் போலக் கருவிழியைத் தேய்க்கிறது. கண்ணீரும் வற்றிப்போவதால் புண் ஆறுவதில்லை. சொட்டு மருந்து சற்று நேரம் ஈரம் தரும், உராய்வை நிறுத்தாது.

ஸ்க்ளீரல் லென்ஸ் கருவிழியைத் தொடாமல், கண்ணின் வெள்ளைப் பகுதிமேல் உட்காருகிறது. விட்டம் பெரும்பாலும் 15 முதல் 20 மி.மீ.; ஆக்சிஜன் ஊடுருவும் கெட்டியான பொருளால் ஆனது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே சேலைன் நிற்கும். இமை லென்ஸில்தான் உரசும். கருவிழி நனைந்தபடியே இருக்கும். அதன் மேடுபள்ளங்களைத் திரவம் நிரப்புவதால் பார்வையும் பலருக்குத் தெளிகிறது.

இது சோதனை நிலையில் உள்ள முயற்சி அல்ல. பாஸ்டனில் உருவான ஸ்க்ளீரல் லென்ஸுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1994-லேயே ஒப்புதல் தந்தது. சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

நாங்கள் வலியுறுத்துவது

1. உரிய நேரம்: உலர்கண் நோய்க்கான சர்வதேச டியூஸ்-2 அறிக்கை (2017), சிகிச்சை லென்ஸை நான்கு படிகளில் மூன்றாவதில் வைத்தது. இதை ஏற்கிறோம். இமை சொரசொரத்து, கண்ணீர் வற்றிய கண்ணில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தோற்கும் வாய்ப்பு அதிகம். அந்த முடிவுக்கு முன் லென்ஸ் பலன் தருமா என்று பார்த்துவிட வேண்டும். உதட்டின் உட்சவ்வை எடுத்து இமை விளிம்பில் ஒட்டும் சிகிச்சைக்கு லென்ஸ் போட்டியல்ல. இரண்டும் சேர்ந்தே பலருக்குத் தேவைப்படும்.

2. உரியவர்: கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வரும் கண் பாதிப்பு, முகவாதத்தால் மூடாத இமை, அமிலமோ சுண்ணாம்போ பட்ட காயம் ஆகியவற்றில் கடுமையான நிலைக்கும் இது பொருந்தும். சாதாரண வறட்சிக்கு வேண்டாம். கண்ணில் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும்.

3. பயிற்சி பெற்ற கை: போட்ட சில மணி நேரத்தில் லென்ஸ் கருவிழியை நோக்கிச் சற்று இறங்கும். போட்டவுடன் பார்த்து அனுப்பிவிடாமல், அதன் பிறகும் ஸ்லிட் லேம்ப்பில் பரிசோதிக்க வேண்டும். கடையிலோ இணையத்திலோ வாங்கிப் போடும் பொருளல்ல இது.

4. நோயாளிக்குப் பழக்குதல்: பிரசர்வேட்டிவ் கலக்காத சேலைனை விளிம்பு வரை நிரப்பி, முகம் தரையைப் பார்க்கும்படி குனிந்து, குமிழி இல்லாமல் பொருத்த வேண்டும். குமிழி நின்றால் கழற்றி மறுபடி நிரப்ப வேண்டும். இது கைக்கு வரும்வரை நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. லென்ஸில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிரி கருவிழியைக் கெடுத்துவிடும். மருத்துவர் சொன்னாலொழிய லென்ஸோடு தூங்கக் கூடாது. வலியோ சிவப்போ கண்டால் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

5. செலவு: காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் காண்டாக்ட் லென்ஸ் செலவு விலக்கப்பட்டிருக்கிறது. பார்வைக் குறைக்குப் போடும் லென்ஸுக்கு அது சரியாக இருக்கலாம், இதற்குச் சரியல்ல. செயற்கைக் காலைப் போல இதையும் செயற்கை உறுப்பாக வகைப்படுத்த வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளிட்ட அரசுத் திட்டங்களில், லென்ஸோடு பொருத்தும் கட்டணம், சேலைன், தொடர் பரிசோதனை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

வரம்பு

லென்ஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை. கழற்றினால் வறட்சி திரும்பும். சிலருக்கு மதியத்துக்குள் சேலைன் கலங்கி, கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். சிலரால் அணியவே முடியாது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி, முடிவை நோயாளியோடு சேர்ந்து எடுக்க வேண்டும். வருடக் கணக்கில் தொடரும் சிகிச்சை என்பதால், ஒருமுறை லென்ஸ் வாங்கித் தருவதோடு உதவி முடிந்துவிடக் கூடாது.