தடைப் பலகை மட்டும் போதுமா?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், திருச்சியிலிருந்து முக்கொம்பு செல்லும் பேருந்துகளில் இடம் கிடைப்பது அரிது. புளியோதரையும் தயிர்சாதமும் நிறைந்த தூக்குவாளிகள், மாற்றுத் துணிப் பைகள், காற்றடைத்த லாரி டியூப் ஆகியவற்றுடன் குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறுகிறார்கள். கல்லணை, கொடிவேரி, ஒகேனக்கல், பாபநாசம் என நீர் ஓடும் இடங்களில் எல்லாம் இதே காட்சிதான்.

மலைவாசத் தலங்களுக்குச் சென்று அறை எடுத்துத் தங்கவோ, நீர்விளையாட்டுப் பூங்காக்களின் கட்டணத்தைச் செலுத்தவோ இயலாத குடும்பங்களுக்கு ஆற்றங்கரை மணல்தான் கோடை வாசஸ்தலம். அது கிடைக்கும் நாளும் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான்.

மறுநாள் நாளிதழின் ஏதோ ஒரு மூலையில் 'ஆற்றில் மூழ்கி மாணவர்கள் பலி' என்ற செய்தியும் தவறாமல் இடம்பெறுகிறது. நம் நாட்டில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்போர் 30 ஆயிரத்துக்கும் அதிகம் என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள். இதில் கிணறு, குளம், கடல் எல்லாம் அடக்கம் என்றாலும், விடுமுறைக்கால மரணங்களில் ஆறுகளின் பங்கு கணிசமானது என்பதை மறுப்பதற்கில்லை.

1990-களில் நான் பணியாற்றிய கல்லூரியில் இளங்கலைப் பொருளாதாரம் பயின்ற மாணவர் ஒருவர், தேர்வு முடிந்த மறுநாள் நண்பர்களுடன் ஆற்றுக்குச் சென்றார். முழங்கால் அளவு நீரில் பேசிக்கொண்டே நடந்தவர், அடுத்த அடியில் காணாமல் போனார். மணல் அள்ளிய பள்ளம். அவரைப் பிடிக்கப் பாய்ந்த நண்பரைக் கரையில் துணி துவைத்துக் கொண்டிருந்த பெண்மணி ஒருவர் சேலையை வீசி இழுத்துக் காப்பாற்றினார். மாணவரை மாலையில்தான் எடுக்க முடிந்தது. சில வாரங்கள் கழித்துத் தேர்வு முடிவுகள் வந்தபோது, எல்லாத் தாள்களிலும் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார்.

அடுத்த மாதம் அந்தக் கரையில் 'ஆழமான பகுதி. குளிக்கத் தடை' என்று ஒரு பலகை நடப்பட்டது. இன்று ஆற்றங்கரைகளில் நாம் காணும் பலகைகள் பலவும் இப்படி ஒரு மரணத்துக்குப் பிறகு வந்தவையே.

அந்தப் பலகை எந்த இடத்தில் ஆழம், எந்த இடத்தில் ஆழமில்லை என்று சொல்வதில்லை. பல கிலோமீட்டர் நீளக் கரை முழுவதையும் ஒரே சொல்லில் தடை செய்துவிடுகிறது. எங்குமே குளிக்கக் கூடாது என்றால் மக்கள் எங்கும் குளிப்பார்கள். பாதுகாப்பான இடத்தையும் ஆபத்தான இடத்தையும் பிரித்தறிய அவர்களுக்கு வழியில்லாமல் போகும். விபத்து நேர்ந்தால், தடையை மீறியதாக இறந்தவர் மீதே பழி விழும். பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிட மலிவான வழி எந்த நிர்வாகத்துக்கும் கிடைக்காது.

பள்ளம் எப்படி வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் ஆற்று மணல் எடுப்பது அரசின் பொறுப்பில் வந்தது. பொதுப்பணித் துறையிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஆற்றுப் படுகையில் தோண்டும் ஆழம் அதிகபட்சம் 3 மீட்டர் என்கின்றன. விதிப்படி தோண்டிய பள்ளமே ஓர் ஆளை மூழ்கடிக்கும். விதியை மீறித் தோண்டியவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, பள்ளத்துக்கு அனுமதி அளித்ததும் அரசு. பலகை நட்டதும் அரசு.

ஆற்றில் குளிப்பது வெறும் பொழுதுபோக்கு, அதற்கெல்லாம் அரசுப் பணத்தைச் செலவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்விக்குப் பொருளியலில் ஒரு பழைய விடை இருக்கிறது. கட்டணமில்லாத பூங்காக்களின் பயனை எப்படி மதிப்பிடுவது என்று அமெரிக்க தேசியப் பூங்காத் துறை கேட்டபோது, பொருளியல் அறிஞர் ஹரால்டு ஹோட்டலிங் 1947-இல் ஒரு கடிதம் எழுதினார். மக்கள் எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு செலவு செய்து வருகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பயணச் செலவே அவர்கள் தர முன்வரும் விலையைக் காட்டும் என்பது அதன் சாரம்.

பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வேன் பிடித்து, ஒரு நாள் கூலியை இழந்து கல்லணைக்கு வரும் குடும்பம் ஹோட்டலிங்கின் கணக்கில் பெருந்தொகை செலுத்துகிறது. அத்தொகை எந்தக் கருவூலத்துக்கும் போவதில்லை. மாநிலத்தின் உற்பத்தி மதிப்பிலும் அந்தக் குடும்பம் அடைந்த மகிழ்ச்சிக்கு இடமில்லை. அதே ஆற்றின் ஒரு லாரி மணலுக்கு மட்டும் ரசீது இருக்கிறது. ரசீது இருப்பதற்கே மதிப்பு என்று எண்ணுவதை நாற்பது ஆண்டுகளாக வகுப்பறையில் மறுத்து வந்தேன். நிதிநிலை அறிக்கைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்கின்றன.

நீரின் தரம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் நீரில் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை 3 மில்லி கிராமுக்கு மேல் போனால் அந்த ஆற்றுப் பகுதியை 'மாசடைந்தது' என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்துகிறது. அந்த 3 மில்லி கிராம் என்பது திறந்தவெளியில் குளிப்பதற்கு ஏற்ற நீருக்கான வரம்பு. அதாவது, ஓர் ஆறு நலமாக இருக்கிறதா என்பதற்கு நம் அரசு வைத்திருக்கும் அளவுகோலே அதில் மனிதன் குளிக்க முடியுமா என்பதுதான். 2018-ஆம் ஆண்டுப் பட்டியலில் காவிரி, பவானி, தாமிரவருணி மூன்றின் பகுதிகளும் இடம்பெற்றிருந்தன. ஆனால், அதே ஆறுகளின் படித்துறையில் இறங்கும் மனிதர் இன்று நீர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்த ஏற்பாடும் இல்லை.

பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் 1923 முதல் குளிக்கத் தடை இருந்தது. தடைப் பலகை வைத்த நாடுகளுக்கு அதுவே முன்னுதாரணம் எனலாம். சுமார் 140 கோடி யூரோ செலவில் கழிவுநீரைக் கட்டுப்படுத்தி, 2025 ஜூலையில் மூன்று இடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். திறந்த மறுநாளே மழை பெய்து நீரின் தரம் குறைந்ததால் அவை மூடப்பட்டன. இதைத் தோல்வி என்று சிலர் எள்ளி நகையாடினர். எனக்கோ அந்த மூடல்தான் பெரிய செய்தியாகத் தோன்றியது. நேற்று நல்ல நீர், இன்று கூடாது என்று சோதித்துச் சொல்ல ஒருவர் அங்கே இருக்கிறார். அதனால்தான் கொடி மாறியதும் மக்கள் நீரில் இறங்கி நீந்தினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏறக்குறைய 22 ஆயிரம் குளியல் தலங்களின் நீர் முறையாகச் சோதிக்கப்படுகிறது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு ஏரிகளிலும் ஆறுகளிலும் உள்ளவை. ஒவ்வொன்றின் தரமும் கரையிலேயே எழுதி வைக்கப்படுகிறது. அவ்வளவு செல்வம் நமக்கில்லை என்று தள்ளிவிட வேண்டாம். சென்னைக்கு அருகே கோவளம் கடற்கரை 2021-இல் நீலக் கொடிச் சான்று பெற்றது. உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர், நீர்ச் சோதனை எல்லாம் அங்கே சாத்தியமாயின. அந்தச் சான்று ஏரிக்கரைகளுக்கும் வழங்கப்படுவதுதான். கடலுக்குச் செய்ததை ஆற்றுக்குச் செய்ய நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

நீச்சல் தெரிந்தால் ஏன் சாகிறார்கள் என்று கேட்பதும் வழக்கம். என் தலைமுறைக்கு நீச்சல் பள்ளி கமலைக் கிணறு. இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் சுரைக்குடுக்கை கட்டி மாமன்மார் தள்ளிவிடுவார்கள். ஆழ்துளைக் குழாய்கள் வந்தபின் அந்தக் கிணறுகள் வற்றிக் குப்பை நிறைந்துவிட்டன. இன்றைய கிராமத்துப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளைப் போலவே தரையில்தான் வளர்கிறார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு நீச்சலும், கரையில் நிற்போருக்குப் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்பிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மூழ்குபவரை நோக்கிப் பாயாமல் துணியையோ கயிற்றையோ வீச வேண்டும் என்ற ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே, ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் இறக்கும் கொடுமை குறையும். சேலையை வீசிய அந்தப் பெண்மணிக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

எல்லாக் கரையையும் காப்பது இயலாது. மாவட்டத்துக்கு நான்கைந்து இடங்களைக் குளியல் கரை என அறிவித்து, அங்கே பள்ளங்களைச் சமப்படுத்தி, பாதுகாப்பான எல்லையை மிதவைக் கயிற்றால் குறித்து, பெண்களுக்கு உடை மாற்ற நான்கு சுவர் எழுப்பி, விடுமுறை நாள்களில் உள்ளூர்ப் பரிசல்காரர்களையும் மீனவர்களையும் ஊதியத்துக்கு அமர்த்தினால் போதும். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் முதல்வரின் பொது நிவாரண நிதியிலிருந்து லட்சக்கணக்கில் வழங்குகிறோம். அதைக் கொடுக்கத்தான் வேண்டும்; ஆனால் ஒரு பரிசல்காரரின் பருவகால ஊதியம் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதைச் செய்வதற்கு உரிய காலம் மே மாதம். மேட்டூருக்குக் கீழே காவிரி இப்போது பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. குடிநீருக்காக விடப்படும் ஓடை போன்ற ஒழுக்கைத் தவிர, படுகையின் மேடு பள்ளம் அனைத்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு நில அளவரும் ஒரு பொக்லைன் இயந்திரமும் இருந்தால், ஒரு படித்துறையின் முன்னுள்ள குழிகளைச் சில நாள்களில் அளந்து மூடிவிடலாம். மேட்டூர் அணை பாசனத்துக்காக வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து பரவிவிட்டால், அந்தக் குழிகள் எங்கே இருக்கின்றன என்பது ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் இறங்குபவருக்கும் தெரியாது, கரையில் நிற்கும் காவலருக்கும் தெரியாது.