கருப்பட்டிக்குக் குறியீடு, காய்ச்சிய கைக்கு?

உடன்குடிக் கருப்பட்டியின் புகழை ஊரறியும், நாடறியும்! 2023-ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது அது. மகிழ்கிறோம். ஆனால், தோழர்களே, கேட்கிறோம்: தேரி மணலிலே நெடிதுயர்ந்த பனையில் காலையும் மாலையும் ஏறியிறங்கி, நெஞ்சு காய்த்துப்போன உழைப்பாளிக்குக் கிடைத்தது என்ன? அடுப்புப் புகையிலே பதநீர் காய்ச்சிக் கண்ணொளி மங்கிய தாய்க்குக் கிடைத்தது என்ன?

"தலைவிதி" என்பார் வேதாந்தி. மனிதர் வகுத்த ஏற்பாட்டுக்கு விதியென்று பெயரா? அலுவலகத்தில் பணியாற்றியோர்க்கு ஓய்வூதியம் உண்டு. விலை ஏறினால் அகவிலைப்படியும் ஏறும். வேண்டியதுதான்! ஓய்வூதியம் அரசு இரங்கி இடும் கொடையன்று, உரிமை என்று 1982-இல் நகரா வழக்கிலே உச்சநீதிமன்றமே உரைத்தது. அந்த நீதி, பனையேறியின் குடிசை வாயிலிலே நின்றுவிடுவானேன்? அவருக்கு வருங்கால வைப்புநிதி இல்லை. கால் தளர்ந்த அன்றே கஞ்சிக்கும் வழியில்லை!

சென்னை மாநிலம் 1962-லேயே முதியோர்க்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. மத்திய அரசு விழித்தது 1995-இல்! தந்தது, மாதம் 75 ரூபாய். 2006-இல் அது 200 ஆயிற்று. 2011-இல் எண்பதை எட்டியோர்க்கு 500 என்றனர். மற்றையோர்க்கோ, 2024 வரை 18 ஆண்டுகள் அந்த 200 அசையவே இல்லை. நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை! அரிசி ஏறிற்று, எண்ணெய் ஏறிற்று, மருந்தும் ஏறிற்று. முதியவர் பங்கு மட்டும் ஏறவில்லை. தமிழ்நாடு தன் கருவூலத்திலிருந்து சேர்த்து 2023-இல் 1,200 ரூபாயாக்கியது. அதுவும் நாளுக்கு 40 ரூபாய்தான். மாநிலம் மரமேற, டில்லி நிழலில் நிற்பதா?

"பெற்ற பிள்ளை காக்கட்டும்" என்பர் சிலர். அதற்கென 2007-இல் சட்டமும் இயற்றினர். கூலிக்குப் போகும் மகன்மீது, கூழுக்கு வழியற்ற தந்தை வழக்காடுவதா? வறுமையை வறுமையிடமே வசூலிப்பதா நீதி?

முதுமையில் உதவிபெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. "பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டுத்தானே?" என்று மடக்குவர். சரி! 2006-இன் ஆற்றலும் 2024-இன் ஆற்றலும் ஒன்றா? நாடு வளர்ந்தது என்று மார்தட்டும் நாக்கு, முதியோர் முன் மட்டும் "நிதியில்லை" என்பதேன்?

அகவிலைப்படி போலவே முதியோர் உதவித்தொகையையும் விலைவாசியோடு இணைத்திடுக! இதுவே நம் கோரிக்கை. இளைஞர்களே, தெருத்தெருவாகச் செல்லுங்கள். முதியோர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்திலே கேளுங்கள். இனிப்பைச் சுவைத்த நாடு, பட்ட கடனைத் தீர்க்கட்டும்!