பெட்டி அங்கே, படம் இங்கே

கொழும்பில் இருக்கும் என் மாமா பழைய புரொஜெக்டர்களைச் சேர்க்கிறார். வகுப்பறையில் கணினியோடு பொருத்துகிற புரொஜெக்டர் அல்ல, படச்சுருளை மாட்டி வீட்டுச் சுவரில் படம் காட்டுகிற பழைய கருவி. அவருடைய கண்ணாடி அலுமாரியில் ஆறு நிற்கின்றன. சென்ற நோன்புப் பெருநாளன்று ஒன்றை இறக்கித் துடைத்து இயக்கிக் காட்டினார். விளக்கு எரிந்தது, பற்சக்கரம் 'டிக் டிக்' என்று சுழன்றது. ஆனால் சுவரில் வெறும் வெள்ளை வெளிச்சம்தான் விழுந்தது. போட்டுப் பார்க்க மாமாவிடம் ஒரு சுருளும் இல்லை.

இந்தக் கருவிகளில் ஒரு கவர்ச்சி இருப்பதை நான் மறுக்கவில்லை. 1923இல் கொடக் நிறுவனம் 16 மில்லிமீற்றர் கமெராவையும் புரொஜெக்டரையும் விற்பனைக்கு விட்டது. 1932இல் மலிவான 8 மில்லிமீற்றரும், 1965இல் சுப்பர் 8உம் வந்தன. 50 அடிச் சுப்பர் 8 சுருள் மூன்று நிமிடமளவில் முடிந்துவிடும். ஆகவே கல்யாணம், குழந்தையின் முதல் நடை என்று தேர்ந்தெடுத்துத்தான் எடுத்தார்கள். பிறகு விளக்கை அணைத்து, குடும்பமே கூடியிருந்து பார்த்தது. இன்று கைப்பேசியில் ஆயிரம் வீடியோ வைத்திருக்கும் நாம், எதையும் இருவராகக்கூடச் சேர்ந்திருந்து பார்ப்பதில்லை. மாமா தேடுவது அந்தக் கூடியிருத்தலை என்று நினைக்கிறேன்.

வன்னியில் இத்தகைய வசதி இருந்த வீடுகள் அரிது. இங்கே கூடியிருக்க வைத்தது டெக். வாடகைக்கு எடுத்த டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் முற்றத்துக்கு வந்தால், விடியும்வரை படம் ஓடும் என்பார்கள்.

வாப்பா புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கிறார். விடுமுறையில் அங்கு போனபோது, பக்கத்தில் தையற்கடை நடத்தும் அன்ரி ஒரு பொலித்தீன் பையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு வீடியோ கசற். சமாதான காலத்தில், 2003இல் நடந்த அவருடைய கல்யாணம். 2009இல் புதுக்குடியிருப்பை விட்டு ஓடியபோது அல்பங்களெல்லாம் வீட்டோடு போய்விட்டன. உடுப்புப் பைக்குள் இருந்ததால் இது மட்டும் தப்பியது. அவருடைய அப்பா அந்தப் போரில் இறந்தவர்.

"அப்பா நடக்கிறதை இதிலதான் பார்க்கலாம் பிள்ளை. இதைப் போட்டுப் பார்க்க ஒரு டெக் எங்கயும் கிடைக்குமோ?" என்று கேட்டார்.

மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "டெக்கா? அது பழம்பொருள் இல்லையே, போன வருசம்தான் ஒன்றைத் தூக்கி எறிந்தேன்" என்றார்.

என் கருத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. கொழும்பில் படமில்லாத பெட்டிகள் நிற்கின்றன, புதுக்குடியிருப்பில் பெட்டியில்லாத படம் கிடக்கிறது. படச்சுருளையாவது வெயிலுக்கு எதிரே பிடித்தால் முகம் தெரியும். கசற் நாடா அப்படியல்ல. டெக் இல்லாவிட்டால் அது வெறும் கறுப்பு நாடா. டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான யப்பானின் ஃபுனாய், 2016 யூலையில் அதையும் நிறுத்திவிட்டது. இன்று எறிவதை நாளை எவராலும் வாங்க முடியாது.

"இழந்ததை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். என் உம்மம்மா 1990 ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து உடுத்த உடுப்போடு போனவர். அவருடைய கல்யாணப் படம் அந்த வீட்டுச் சுவரிலேயே நின்றுவிட்டது. அதில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வார். படம் இல்லாவிட்டால் நினைவு போய்விடுவதில்லை, அதைத் தனியே சுமக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அன்ரியின் கதையை உம்மம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: "அந்தப் பிள்ளைக்கு டெக் கிடைச்சதா?"

பழைய கருவிகளைச் சேர்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அலுமாரியில் பூட்டாமல், ஓடும் நிலையில் வைத்து, தேவைப்படுபவருக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். உலகின் பல நகரங்களில் 'வீட்டுப்பட நாள்' நடக்கிறது. மக்கள் தங்கள் பழைய சுருள்களைக் கொண்டுவர, தெரிந்தவர்கள் பரிசோதித்துப் போட்டுக் காட்டுகிறார்கள். இப்போது அது ஒக்டோபரில் வருகிறது. நம் கல்லூரியிலும் ஒரு டெக்கையும் ஒரு கணினியையும் வைத்து, அப்படி ஒரு நாளை நடத்த முடியாதா? பூஞ்சணம் பிடித்த கசற்றை அப்படியே போட்டால் நாடாவும் டெக்கும் பழுதாகும். முதலில் தெரிந்த ஒருவரைக் கொண்டு துப்புரவாக்க வேண்டும். பிறகு பிரதி எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெரியவரை இருத்தி, முகங்களின் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத முகம் அடுத்த தலைமுறைக்கு அந்நியர்தான்.

மாமா இப்போது ஒரு டெக் தேடிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். புதுக்குடியிருப்பில் ஒரு மகள் தன் தகப்பன் நடப்பதைப் பார்க்கக் காத்திருக்கிறார்.