பாசி எடுக்கும் பெண்களுக்கு ஊராட்சித் தேர்தல் ஏன் முக்கியம்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 இடங்களில் ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறுகள் தோண்ட, ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி அளித்தது. செய்தி பரவலாக வெளியே தெரிந்தது ஆகஸ்டில்தான். விவசாயிகளும் மீனவர்களும் கொதித்தெழுந்த பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்தை மாநில அரசு கேட்டுக்கொண்டது. அத்துடன் பிரச்சினை தணிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால், தங்கள் நிலத்தடியில் துளையிடும் முடிவு, அந்த ஊர்களின் காதுக்கு எட்டாமலேயே ஐந்து மாதங்கள் எப்படிக் கோப்புகளுக்குள் இருந்தது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் இரண்டு ஆண்டுகளில் இருக்கிறது. முதலாவது 2020. அந்த ஆண்டு ஜனவரியில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் மத்திய அரசு செய்த திருத்தம், எண்ணெய்-எரிவாயு சோதனைத் துளையிடலுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாக்கிவிட்டது. அடுத்த மாதமே தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. அந்த வேலிக்குள் ராமநாதபுரம் வரவில்லை. இரண்டாவது 2025. அந்த ஆண்டு ஜனவரி 5 அன்று ராமநாதபுரம் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்தப்படவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. கிணறுகளுக்கான அனுமதி வந்த மார்ச் மாதத்தில், கேள்வி கேட்கும் கடமை கொண்ட தலைவரோ வார்டு உறுப்பினரோ இந்த மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் இல்லை.

இது முதல் முறையும் அல்ல. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது, வழக்குகளும் வார்டு மறுவரையறையும் காரணமாகக் காட்டப்பட்டுத் தேர்தல் 2019 டிசம்பர் வரை தள்ளிப்போனது. 2016 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரையிலான ஒன்பது ஆண்டுகளைக் கணக்கிட்டால், நான்கு ஆண்டுகளுக்கு மேல் ராமநாதபுரத்தின் கிராமங்கள் தாம் தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லாமல் இருந்திருக்கின்றன. ஆண்ட கட்சிகள் மாறின, காரணங்கள் மாறவில்லை. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243இ கூறு. அதை உச்ச நீதிமன்றம் 2006இல் மீண்டும் அழுத்திச் சொல்லியும் பயனில்லை. பாம்பன் தீவிலேயே இதன் விந்தையைப் பார்க்கலாம். 2022இல் தேர்தல் நடந்த ராமேசுவரம் நகராட்சிக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். அதே தீவின் பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சிகளுக்கு இல்லை.

கடலுக்குள் ஒரு சட்டம்

இதனால் யார் அதிகம் இழக்கிறார்கள்? சொந்தப் படகும் நிலமும் இல்லாதவர்கள். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் அவர்களில் முதன்மையானவர்கள். புடவையின் மேல் சட்டை அணிந்து, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குகிறார்கள். பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து வருகிறார்கள். ஐஸ்கிரீமிலிருந்து மருந்து வரை இவற்றின் சாறு பயன்படுகிறது.

1986இல் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பவளப்பாறைகளையும் கடற்பசுவையும் காக்க அது தேவையான நடவடிக்கை; அதில் ஐயமில்லை. ஆனால், தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த இடத்தில் அந்தப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அபராதமும் படகுப் பறிமுதலும் வாடிக்கையாயின.

அவர்கள் அதற்கு அளித்த பதில் கவனிக்கத்தக்கது. ஊர் ஊராகக் கூடிப் பேசித் தங்களுக்கே விதிகளை வகுத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்திக்கொள்வது என்பவை அவை. இந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டின் சீகாலஜி விருது கிடைத்தது. உலகின் தீவுகளைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் இயங்கும் அமைப்பு அது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2000வாக்கில் ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனத்தின் ஆதரவுடன் கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி இந்தக் கரையில் வளர்க்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். பவளத்துக்குக் கேடு செய்தது யார் என்ற கேள்வியில் கையால் பாசி பறித்த பெண்களைவிட அனுமதியுடன் வந்த திட்டமே முன்னே நிற்கிறது. இப்போது வலமாவூரில் ரூ.127 கோடி மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அதில் இயற்கைப் பாசியை எடுத்துவரும் பெண்ணுக்கு என்ன பங்கு என்பதை ஊர் சார்பில் பேசவும் ஆள் வேண்டும்.

வாரன் கவுண்டி சொல்வது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுண்டி என்ற பகுதி இருக்கிறது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை வட்டாரம். சாலையோரங்களில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட பிசிபி நச்சு கலந்த மண்ணைப் புதைக்க, 1982இல் மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் அது. மக்கள் லாரிகளின் முன் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். லாரிகள் நிற்கவில்லை. நச்சு மண் அங்கேயே புதைக்கப்பட்டது.

போராட்டம் தோற்றது என்றுதான் அன்றைய செய்தித்தாளைப் படித்தவர் நினைத்திருப்பார். ஆனால், ஊர்வலம் சென்றவர்களே வாக்காளர் பதிவுக்காக வீடு வீடாகவும் சென்றார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் உள்ளூர் நிர்வாகக் குழுவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை பெற்றனர். குழுவின் தலைவரான ஈவா கிளேட்டன் 1992இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே சென்றார். அந்த நச்சு மண்ணும் பின்னாளில் அரசுச் செலவில் சுத்திகரிக்கப்பட்டது. பணி முடிய 2003 வரை ஆனது. சூழலியல் நீதி என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் உயிர் வந்தது வாரனில்தான் என்பார்கள். வாக்குரிமை இயக்கத்தில் பயின்றவர்கள்தான் அதற்குத் தலைமை தாங்கினார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நமக்கும் இதில் அனுபவம் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலை நடத்தவிடவில்லை. 2006இல்தான் அந்தப் பூட்டு உடைந்தது. அங்கே பூட்டியது சாதி. இங்கே பூட்டியிருப்பது அரசு அலுவலகம் என்பதால், யாரும் பதறுவதில்லை.

கிராம சபையின் கதவு

வன உரிமைச் சட்டம் 2006 தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். மீன் உள்ளிட்ட நீர்நிலைப் பொருட்களைப் பயன்படுத்தும் சமூக உரிமையை அது அங்கீகரிக்கிறது. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு சார்ந்து வாழ்ந்ததை நிறுவ வேண்டும், கடினமான நிபந்தனைதான். கடலுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பதிலும் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால், அந்த வாதத்தைத் தொடங்கும் அதிகாரம் வனத்துறையிடமோ ஆட்சியரிடமோ இல்லை. கிராம சபையிடம் இருக்கிறது. அந்தச் சபையைக் கூட்டித் தலைமை ஏற்க வேண்டிய நாற்காலியில் ஓர் அரசு அலுவலர் அமர்ந்திருந்தால், இன்னோர் அரசுத் துறைக்கு எதிரான தீர்மானத்தை எவ்வளவு ஆர்வத்துடன் அவர் எழுதிக்கொள்வார்? தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கடலில் இறங்கும் ஒரு பெண்ணே அந்த நாற்காலியில் அமர்வதற்கான வாய்ப்பைச் சட்டம் தந்தது. தள்ளிப்போகும் தேர்தல் பறிக்கிறது.

கிராம சபையில் யார் உறுப்பினர் என்பதற்கும் அரசமைப்புச் சட்டத்தின் விடை ஒன்றே: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். சிறப்புத் தீவிர திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் நீங்கியது சரியே. ஆனால், ‘இடம் பெயர்ந்தவர்’ என்ற தலைப்பின் கீழ்ப் போனவர்களே மிகுதி. பருவம் மாறும்போது கரை மாறுவதும், தீவுகளை ஒட்டிப் பகலெல்லாம் கடலில் இருப்பதும் இந்தக் கடற்கரையில் வாழ்க்கை முறை. வீடு தேடி அலுவலர் வந்தபோது பூட்டியிருந்த கதவு, குடிபோனதற்குச் சான்றாகாது.

ஆகவே, இங்குள்ள மீனவர் சங்கங்களும் பெண்கள் குழுக்களும் ஆர்ப்பாட்டத்துக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையாவது வாக்காளர் பட்டியலுக்குச் செலவிட வேண்டும். பாசி எடுக்காத நாட்களில் பட்டியலைப் பக்கம் பக்கமாக வாசித்து, விடுபட்ட ஒவ்வொரு பெயருக்கும் படிவம் 6 நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஊராட்சித் தேர்தல் என்றைக்கு அறிவிக்கப்பட்டாலும், மாநிலத் தேர்தல் ஆணையம் அதற்கான பட்டியலைச் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்தே எடுக்கும்.