இரண்டு செகண்ட்

பன்னிரண்டு ரவுண்டு குத்துச்சண்டை. ரவுண்டுக்கு மூன்று நிமிஷம். நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற நேரத்தைக் கழித்துவிட்டால் மொத்தம் 36 நிமிஷம், அதாவது 2160 செகண்ட். அதில் 2158 செகண்ட் ஓடிவிட்டது. பாயின்ட் கணக்கில் நீங்கள்தான் முன்னணி. மிச்சம் இரண்டே இரண்டு செகண்ட். தும்மினால்கூட முடிந்துவிடும். அப்போது ரெஃப்ரி குறுக்கே வந்து, இரண்டு கையையும் ஆட்டி, 'ஆட்டம் குளோஸ், நீ தோற்றாய்' என்றால் எப்படி இருக்கும்?

மெல்ட்ரிக் டெய்லரைத்தான் கேட்க வேண்டும். 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ் ஹில்டன் ஓட்டலில் அவருக்கு இதுதான் நடந்தது.

அன்றைக்கு எதிரே நின்றவர் ஹூலியோ செஸார் சாவேஸ். 'ஜூலியோ' என்று எழுதுவார்கள், 'ஹூலியோ' என்று படிப்பார்கள். மெக்ஸிகோக்காரர். 1962ல் பிறந்தவர். குலியாகான் என்ற ஊரில் வளர்ந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஒண்டுக்குடித்தனம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க: சாவேஸ் குடும்பம் இருந்தது ஓடாத ஒரு ரயில் பெட்டியில். அதற்குள்ளே ஏகப்பட்ட பிள்ளைகள். அம்மா அடுத்தவர் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். 'உனக்கு ஒரு வீடு வாங்கித் தருகிறேன், இந்த வேலையை நீ விட்டுவிடலாம்' என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பையன் கிளவுஸ் மாட்டினான். வாங்கியும் கொடுத்தான்.

17 வயசில், 1980ல், காசுக்கு ஆட ஆரம்பித்தார். 1984ல் முதல் உலகப் பட்டம். 1990க்குள் மூன்று எடைப் பிரிவுகளில் சாம்பியன். டெய்லரைச் சந்திக்க வரும்போது எழுபதுக்குக் கொஞ்சம் குறைவான ஆட்டங்கள், தோல்வி பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. 1981ல் சொந்த ஊரான குலியாகானில், மணி அடித்த பிறகும் எதிராளியை அடித்தார் என்று சாவேஸைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மறுநாள் தீர்ப்பு தலைகீழாகி, சாவேஸே ஜெயித்தார் என்றார்கள். அவருடைய மேனேஜர் உள்ளூர் குத்துச்சண்டைக் கமிஷனிலும் மெம்பர். உலகத்தில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான் சார்.

ஆனால் அந்த ஒன்றை வைத்து ஆளைக் குறைத்து மதிப்பிட முடியாது. சாவேஸ் ஓடுகிறவனைத் துரத்தமாட்டார். அவன் ஓட வேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றுகொள்வார். மூலைக்கு வந்ததும் இடது கை கீழேயிருந்து கிளம்பி, எதிராளியின் வலது பக்க விலாவுக்கு அடியில், கல்லீரலில் போய் இறங்கும். மூக்கில் குத்து வாங்கினால் தலை சுற்றும். ஆனாலும் 'எழுந்திருடா' என்றால் கால் ஒருமாதிரி கேட்கும். கல்லீரல் அடி வேறு ரகம். முதல் செகண்ட் ஒன்றுமே தெரியாது. அடுத்த செகண்ட் மூச்சு அடைத்துக் கால் மடங்கிவிடும். மண்டை தெளிவாக இருக்கும், உடம்பு மட்டும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடும்.

டெய்லர் லேசுப்பட்டவரில்லை. பிலடெல்பியாக்காரர். 1984 ஒலிம்பிக்ஸில் 17 வயசிலேயே தங்கம். அவரும் தோல்வி அறியாத சாம்பியன். கை வேகத்தில் அன்றைக்கு அவருக்கு ஈடு சொல்ல ஆளில்லை. 63.5 கிலோ எடைப் பிரிவில் இரண்டு அமைப்புகளின் இரண்டு சாம்பியன்கள், இரண்டு பட்டமும் ஒருவருக்கே என்று மோதினார்கள்.

இந்த ஆட்டத்தின் வீடியோவைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். முதல் பாதி பூரா டெய்லர் ராஜ்ஜியம். சாவேஸ் ஒன்று கொடுப்பதற்குள் டெய்லர் நாலு கொடுத்துவிடுவார். ஆனால் முகங்களைப் பாருங்கள். நாலு வாங்கினவர் முகம் அப்படியே இருக்கிறது. ஒன்று வாங்கினவர் முகம் வீங்கிக்கொண்டே போகிறது. அடியின் எண்ணிக்கையில் டெய்லர், அடியின் எடையில் சாவேஸ். பத்தாவது ரவுண்டுக்கு மேல், ஜெயிக்கிறவர் டெய்லரா என்று சந்தேகமே வந்துவிடும்.

பதினோரு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களில் ஒருவர் சாவேஸுக்கு ஒரு பாயின்ட் அதிகம் போட்டிருந்தார். மற்ற இருவர் கணக்கில் டெய்லர் 5 பாயின்ட், 7 பாயின்ட் முன்னால். கடைசி ரவுண்டு பூரா ஓடியே கழித்திருந்தாலும் பட்டம் அவருக்குத்தான். ஆனால் அவருடைய பயிற்சியாளர் லூ டூவா, 'இந்த ரவுண்டும் உனக்கு வேணும்' என்று சொல்லி அனுப்பினார். பையன் போய் நின்று சண்டை போட்டான்.

கடைசி அரை நிமிஷத்துக்குள் சாவேஸின் வலது கை விழுந்தது. டெய்லர் மூலையில் சரிந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தும்விட்டார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணிவிட்டு, 'நன்றாக இருக்கிறாயா?' என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். டெய்லரின் பார்வை பக்கத்தில். அங்கே லூ டூவா ரிங்கின் விளிம்பில் ஏறிக் கத்திக்கொண்டிருக்கிறார். ஸ்டீல் கையை ஆட்டிவிட்டார். கடிகாரத்தில் மிச்சம் இரண்டு செகண்ட்.

அந்த நாக்-டவுனுக்கும் சேர்த்து, சாவேஸுக்கு 10, டெய்லருக்கு 8 என்று போட்டால்கூட, இரண்டு நடுவர்கள் கணக்கில் டெய்லர்தான் ஜெயிக்கிறார். கூட்டிப் பாருங்கள். அதனால்தான் இன்று வரை இந்தச் சண்டை முடியவில்லை. அதற்கப்புறம் வருஷக்கணக்கில், அறிவிப்பாளர் ஸ்டீல் பெயரைச் சொன்னாலே கூட்டம் ஊளையிட்டது.

எதிர்க்கட்சியின் வாதம் வலுவானது. சாவேஸ் நின்றது ரிங்கின் அந்தப் பக்கம். அவர் நடந்து வருவதற்குள் மணி அடித்திருக்கும். இன்னொரு அடி விழ வாய்ப்பே இல்லை. கடைசி பத்து செகண்டைக் காட்டும் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இவர் பார்த்திருக்க வேண்டாமா?

'நேரம் பார்ப்பது என் வேலையில்லை. ஒரு மனிதன் போதுமான அளவு வாங்கிவிட்டானா என்று பார்ப்பதுதான் என் வேலை' என்பது ஸ்டீல் தரப்பு.

நான் ஸ்டீல் கட்சி. இரண்டு செகண்ட் என்றால் விட்டுவிடலாம் என்கிறீர்கள். ஐந்து செகண்ட் என்றால்? பத்து? இருபது? எந்த செகண்டில் கோடு போடுவது? ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். ஸ்டீல் இரண்டு செகண்ட் இருக்கும்போது நிறுத்தவில்லை. இரண்டு தடவை கேட்டும் பதில் வராதபோது நிறுத்தினார். அது இரண்டாவது ரவுண்டாக இருந்தால் யாரும் வாயே திறந்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு விஷயம். இந்தப் பன்னிரண்டு ரவுண்டு கணக்கே ஒரு சாவில் வந்தது. அதற்கு முன் பதினைந்து. 1982 நவம்பரில் இதே லாஸ் வேகாஸில், கொரியாவின் கிம் டுக்-கூ பதினாலாவது ரவுண்டில் ரே மான்சினியிடம் விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். அந்த ஆட்டத்தின் ரெஃப்ரியும் அடுத்த வருஷம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்புறம்தான் பட்டப் போட்டிகளை 12 ரவுண்டாகக் குறைத்தார்கள். நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆட்டம் முடிந்து டெய்லர் போனது ஆஸ்பத்திரிக்கு. முகத்தில் எலும்பு முறிவு. விழுங்கின ரத்தம் வேறு. ஜெயித்துக்கொண்டிருந்த ஆளின் நிலைமை இது!

மறு வருஷமே அவர் இன்னொரு எடைப் பிரிவில் உலகப் பட்டம் வாங்கினார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பழைய டெய்லர் திரும்பி வரவில்லை. 1994ல் சாவேஸுடன் மறுபடி மோதி எட்டாவது ரவுண்டில் வீழ்ந்தார். 2002 வரை ஆடிக்கொண்டே இருந்தார். 2003ல் ஒரு டி.வி. டாக்குமெண்டரியில் அவர் பேசியதைக் கேட்டேன். நாக்கு குழறி, வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. நாற்பது வயசுகூட ஆகாத மனிதர். ஒரு ராத்திரிக்கு அவருக்கு ஒரு ஸ்டீல் கிடைத்தார். மிச்ச பன்னிரண்டு வருஷத்துக்கு யாரும் கிடைக்கவில்லை.

சரி, ஜெயித்தவர் கதை?

ஜெயித்தவர் மெக்ஸிகோவுக்கே சாமியாகிவிட்டார். 1993 பிப்ரவரியில் கிரெக் ஹாகன் என்ற அமெரிக்கர், 'சாவேஸ் அடித்ததெல்லாம் டிஜுவானா டாக்ஸி டிரைவர்களை. அவர்களை எங்கம்மாவே அடிப்பாங்க' என்ற ரீதியில் வாயை விட்டார். மெக்ஸிகோ சிட்டியின் அஸ்டெகா ஸ்டேடியத்தில் ஆட்டம். வந்த கூட்டம் 1,32,274 பேர். டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தில் குத்துச்சண்டைக்கு அது உலக சாதனை. ஐந்தாவது ரவுண்டில் ஹாகன் கதை முடிந்தது. 'அந்த டாக்ஸி டிரைவர்கள் ரொம்ப முரடர்களாக இருந்திருக்கணும்' என்றார் ஹாகன். தோற்றாலும் ரசிகன்.

அதே வருஷம் செப்டம்பரில் பெர்னெல் விட்டேகரிடம் சாவேஸ் தோற்றதை உலகமே பார்த்தது. நடுவர்கள் மட்டும் டிரா என்றார்கள். 1994 ஜனவரியில் ஃப்ராங்கி ராண்டல் அவரைத் தொழில் வாழ்க்கையில் முதல் முறையாகத் தரையில் உட்காரவைத்து, முதல் தோல்வியையும் கொடுத்தார். அது சாவேஸின் 91வது ஆட்டம்.

ராண்டல் வருவதற்கு முன்பே வேறொருவன் அவரை அடித்துக்கொண்டிருந்தான். பாட்டில். கூடவே கொகெய்ன். இதைப் பிற்காலத்தில் சாவேஸே ஒளிக்காமல் சொன்னார். புகழின் உச்சியில், பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத நாளில் பிடித்த பழக்கம். அன்றைக்கு நாட்டின் ஜனாதிபதிகூட அவருக்கு சிநேகிதர். பக்கத்தில் இருந்த அத்தனை பேரில் ஒருவராவது கையை ஆட்டி, 'போதும்பா' என்று சொன்னாரா? சொல்லமாட்டார்கள். தோற்கிறவனை நிறுத்தவே மனசு வராது. ஜெயிக்கிறவனை யார் நிறுத்துவார்?

1996ல் ஆஸ்கர் டி லா ஹோயா நாலாவது ரவுண்டில் அவர் முகத்தை ரத்தக்களறி ஆக்கினார். 1998ல் அதே ஆளிடம் மறுபடி. 2000ல் கோஸ்த்யா சூ. 2005ல், 43 வயசில், கை உடைந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டதுதான் கடைசி ஆட்டம். 107 வெற்றி, 6 தோல்வி, 2 டிரா.

நம்பர்கள் அங்கே முடிந்துவிட்டன. குடி முடியவில்லை. கடைசியில் அவர் குடும்பத்தார்தான் அவரை டிஜுவானாவில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். பெரிய சாம்பியன், சந்தோஷமாகவா போயிருப்பார்? ஸ்டீலை ஊளையிட்ட கூட்டம் மாதிரி உள்ளுக்குள் எவ்வளவு ஊளையிட்டிருப்பாரோ. ஆனால் மீண்டார். 2011ல் மைக் டைசனோடு சேர்ந்து குத்துச்சண்டையின் புகழ் மண்டபத்தில் பெயர் ஏறியது. அதைவிட எனக்குப் பிடித்த செய்தி, தன்னைப்போல் விழுந்தவர்களுக்காக அவரே டிஜுவானாவிலும் குலியாகானிலும் மறுவாழ்வு மையங்கள் திறந்ததுதான். பிறகு அவர் பெயரையே தாங்கிய மகன், அவரும் உலக சாம்பியனாக இருந்தவர், அதே பழக்கத்தில் மாட்டியபோது அப்பா மூடி மறைக்கவில்லை. வெளிப்படையாகப் பேசி, சிகிச்சைக்கு மல்லுக்கட்டினார். ஒரு காலத்தில் ரெஃப்ரி நிறுத்தியதால் ஜெயித்தவர், வயசான காலத்தில் தானே ரெஃப்ரி வேலைக்கு வந்துவிட்டார்.

வார சம்பளமோ மாச சம்பளமோ, நாமும் ஏதாவது ஒரு ரவுண்டில்தான் நிற்கிறோம். உங்கள் சிநேகிதன் ஒருவன் நாளுக்கு நாள் வீங்கின முகத்தோடு, பாயின்ட் கணக்கில் மட்டும் முன்னால் இருக்கிறான் என்று வையுங்கள். 'நல்லா இருக்கியா?' என்று கேட்கிறீர்கள். பதில் இல்லை. மறுபடி கேட்கிறீர்கள். பார்வை வேறெங்கோ. இப்போது கையை ஆட்டினால் அவன் உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டான். ஆட்டாவிட்டால் சிநேகிதம் நிலைக்கும்.

என்ன செய்வீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். டயம் இரண்டு செகண்ட்.